அழுகைக்கு வாடகை

மார்ச் 19, திங்கள்

வெயில். காற்று அசையவே இல்லை. இன்று சூசையப்பர் திருநாள், ஆகவே என்னுடைய பெயர் கொண்ட நாள். காலையில் மனைவி ஜெசிந்தா ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்துத் தந்தாள். விழா அத்தோடு முடிந்தது.

ஹோர்ன் குழாய் நான்கையும் இறக்கித் துடைத்தேன். ஒன்றுக்குள் குளவிக் கூடு. தவக்காலம். கலியாணம் இல்லை, பூப்புனித நீராட்டு இல்லை, பாட்டு இல்லை. ஒலிபெருக்கிக்காரனின் வியாபார நிலைமை குளவிக்கும் தெரிந்திருக்கிறது.

தவக்காலத்துக்கு நாங்கள் விட்டவை:
ஜெசிந்தா – இறைச்சி.
மகள் மெற்றில்டா – போனை நோண்டுவது.
நான் – பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்கவைப்பது. முதல் நாள், விபூதிப் புதன் காலைச் சாப்பாடு வரை தாக்குப்பிடித்தது.

செய்ய வேண்டியவை: குளவி. ஜெனரேற்றருக்கு ஒயில். அம்பிளிபயருக்கு எர்த் வயர் (பழைய பெட்டி, தொட்டால் சுள் என்கிறது. இதைப் போன வருஷக் கொப்பியிலும் எழுதியிருக்கிறேன்).

பின்னேரம் நூர்தீன் நானா வந்தார். இருக்கக் கதிரையும் பந்தலுக்குத் தறப்பாளும் வாடகைக்குக் கொடுப்பவர். நான் சத்தம் கொடுக்கிறேன், அவர் நிழல் கொடுக்கிறார். நாளைக்கு அடம்பனில் ஒரு செத்தவீடாம்.

“புலம்பலும் கேக்கினம், சூசை. அதுக்குத் தனிக் காசு சொல்லிப்போட்டன்.”

“தனியா வாங்கிறது கொஞ்சம் கூச்சமா இருக்கு நானா.”

“என்ன கூச்சம்? கதிரைக்கு வாடகை. தறப்பாளுக்கு வாடகை. அழுகை மட்டும் சும்மாவோ?”

ஓ.எல். சோதனை இரண்டு தரம் எடுத்தவன் நான். இரண்டு தரமும் ஓ.எல். என்னை எடுக்கவில்லை. நானா படிக்கவே இல்லை, ஆனால் கேள்வி கேட்டால் ஆள் விழுந்துவிடும்.

புலம்பல் என்பது மெற்றில்டா போன வருஷம் பெரிய வெள்ளி அன்று எங்கள் கோவிலில் படித்த மாதா புலம்பல், சிலுவையில் செத்த மகனைப் பார்த்து மாதா அழும் பாட்டு. முதல் தரம் அவளிடம் கொடுத்திருந்தார்கள். மைக் என்னுடையது என்பதால் பென் டிரைவில் பதிந்து வைத்தேன். பிறகு ஒரு செத்தவீட்டில் வேறு ஒன்றும் கையில் இல்லாமல் அதைப் போட்டேன். ஊர் அழுதது. அதற்குப் பிறகு ஆட்கள் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். எங்கள் கோவில் பங்கில் யாராவது செத்தால் பாடகர் குழுவே நேரில் போகும், அங்கே பென்னுக்கு வேலை இல்லை. வெளியூருக்குத்தான். அதனால் மெற்றில்டாவுக்கு இன்னும் தெரியாது. ஜெசிந்தாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறாள்.


மார்ச் 20, செவ்வாய்

அடம்பன். எங்கள் தீவை விட்டுப் பாலம் கடக்கும்போதே வெக்கை மாறிவிடுகிறது, உப்பு இல்லாத வெக்கை. வேப்பமரத்தில் ஹோர்ன் கட்டினேன். மரம் முழுக்க முசுறு எறும்பு. செத்தவர் ஒரு தாய். மகன் கனடாவில் இருந்து வந்திருந்தார். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் கண்ணாடி, கையில் போன், அங்கே உள்ளவர்களுக்கு நேரலை காட்டிக்கொண்டு நின்றார்.

சவப்பெட்டி மூடும்போது புலம்பலைப் போட்டேன். பந்தலுக்குள் நெல் விலை கதைத்துக்கொண்டிருந்தவர்கள் முதலாவது “மகனே”யில் குரலைத் தணித்தார்கள். இரண்டாவதில் நிறுத்தினார்கள். மூன்றாவதில் மெற்றில்டாவின் குரல் உடைந்து, ஒரு மூச்சுக்கு ஒன்றுமே வராமல், பிறகு அடியில் இருந்து எழும்பி வரும். அந்த இடம். எத்தனை தரம் போட்டிருப்பேன், எப்பவும் சனம் உடைவது அந்த இடத்தில்தான். கனடாக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். போன் நிலத்தைப் பார்த்தது.

பிறகு என்னிடம் வந்தார்.

“அண்ணை, படிக்கிறது ஆர்? இந்தியா ஆளோ?”

எனக்கு வாய் இருக்கிறதே. “என்ர மகள் தம்பி.”

“உண்மையாவோ! வீடு எங்க? ஒருக்கா வந்து நன்றி சொல்லோணும்.”

வழி சொன்னேன். அடையாளமாகச் சந்தியில் நிற்கும் கழுதையையும் சொன்னேன். கழுதை நடக்கும் என்பது அப்போது நினைவில் இல்லை. பெருமை வந்தால் மனிதனுக்கு மூளை விடுமுறை.


மார்ச் 22, வியாழன்

வந்துவிட்டார். கழுதை அதே இடத்தில்தான் நின்றதாம்.

மெற்றில்டா படிப்பிக்கிற பாலர் பள்ளியால் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் சொக்லேற் பெட்டியும் ஒரு உறையும் மேசையில் வைத்தார்.

“தங்கச்சி, அந்த மூண்டாவது மகனேயில குரலை உடைக்கிறீங்களே, அது எப்பிடிச் செய்யிறனீங்கள்? அங்க காசு குடுத்துப் படிச்ச ஆக்களுக்கும் அது வராது.”

“எந்த மகனே?”

“அம்மான்ர செத்தவீட்டில போட்டது. பாருங்கோ.”

போனில் பதிந்து வைத்திருந்தார். எங்கள் விறாந்தையில் எங்கள் மகளின் குரல், அடம்பன் காகங்களோடு. ஜெசிந்தா குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டாள். மெற்றில்டா நின்றபடி கடைசி வரை கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அம்மா எப்படிச் செத்தவ என்று விசாரித்தாள். உறையை அவர் நீட்ட, “அப்பாட்டக் குடுங்கோ. மைக் செற் அவற்றதுதானே” என்றாள்.

நான் வாங்கினேன். கை தானாக நீண்டது. பழக்கம்.

அவர் போன பிறகு:

“எத்தினை வீட்டில அப்பா?”

“கொஞ்ச வீட்டில.”

“ஏன் சொல்லேல்ல?”

“நல்ல பேர் வந்த பிறகு சொல்லுவம் எண்டு…”

“ஆருக்குப் பேர்?”

இரவுச் சாப்பாட்டுக்குச் சூடை மீன் குழம்பு. முள் எடுக்கும் சத்தம் மட்டும். உறையை ஜெசிந்தா பாடகர் குழுவின் உண்டியலில் போடப் போகிறாளாம். என்னைக் கேட்கவில்லை, அறிவித்தாள்.


மார்ச் 23, வெள்ளி

புழுக்கம். சிலுவைப்பாதைக்கு மைக் கொண்டுபோனேன். பாட்டுப் பழக்கத்துக்கு மெற்றில்டா வரவில்லை. தலையிடியாம்.

யோசித்துக்கொண்டு வந்தேன். தச்சன் சவப்பெட்டிக்குக் காசு வாங்குகிறான், ஒருவரும் பிழை சொல்வதில்லை. பூக்காரன் வாங்குகிறான். பெட்டி சுமக்கும் வான் வாங்குகிறது. பாட்டுக்கு மட்டும் ஏன் முகம் சுளிக்கிறது? நானா கேட்டதில் நியாயம் இருக்கிறது.

வாசலுக்கு வந்தபோதுதான் பிடிபட்டது. சவப்பெட்டிக்குள் தச்சன் இல்லை. பாட்டுக்குள் மெற்றில்டா இருக்கிறாள்.

பிடிபட்டு என்ன? ஒயில் மாற்ற மறந்துவிட்டேன்.


மார்ச் 24, சனி

காலையில் மெற்றில்டா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு புலம்பலை மெதுவாகப் படித்துப் பார்த்தாள். நான் வேலிப்பக்கம் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது “மகனே”. உடைந்தது. நிறுத்தினாள். திரும்பத் தொடங்கினாள். அதே இடம், அதே மாதிரி உடைந்தது. அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் தரம் படிக்காமல், தோய்த்த சேட்டைக் கல்லில் ஓங்கி அடித்தாள்.

“நிண்டு கேக்காதேங்கோ அப்பா.”

“நல்லாத்தானே வருது மகள்.”

“அதுதான். வருது இல்லை, நான் வரப்பண்ணுறன். அந்த இடம் கிட்ட வரேக்க, இப்ப உடைக்கோணும், இப்ப சனம் அழும் எண்டு எனக்குள்ள ஒராள் சொல்லுறா. அந்தாள் உங்கட செத்தவீட்டுப் பாட்டுக்காரி.”

“உடையாமல் படிச்சுப் பாரன்?”

“பாத்திட்டன். அப்ப உடைக்காமல் விடோணும் எண்டதுதான் நினைப்பு. மாதா எங்க, நான் எங்க?” வாளியைத் தூக்கினாள். “இந்த முறை நான் படிக்கேல்ல. பாதரிட்டச் சொல்லிவிடுங்கோ.”

இது கோபம் என்றால் சமாளிக்கலாம். இருபத்துமூன்று வருஷமாக அவளுடைய கோபத்தைச் சமாளித்த அனுபவம் உண்டு: ஐஸ்கிறீம், பிறகு மன்னிப்பு. இது கோபம் இல்லை. பயம். தன் குரலைப் பார்த்தே பயப்படுகிறாள். அந்தப் பயத்தைச் செய்தவன் நான்தான், ஹோர்ன் கட்டி, ஊர் ஊராக.


மார்ச் 25, குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து பாதரிடம் சொன்னேன். தலையைச் சொறிந்தார். புலம்பல் இல்லாத பெரிய வெள்ளி எங்கள் ஊரில் நடந்தது இல்லை. முன்பு படித்த அக்கா மகனோடு யாழ்ப்பாணம் போய்விட்டார். வேறு ஆள் பழக்க நாளும் இல்லை.

திடீரென்று முகம் மலர்ந்தது.

“உம்மட்ட ரெக்கோட் இருக்காமே சூசை. கல்லும் கரையுமாம். அதைப் போட்டுவிடுவம்.”

“ஓம் பாதர்” என்றேன்.

பதினைந்து இருபது வருஷமாக ஆட்கள் கேட்க “ஓம்” என்று சொல்லிப் பழகிய வாய். கலியாணமா, ஓம். செத்தவீடா, ஓம். பொதுக்கூட்டமா, ஓம். பாதி வழியில்தான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. குருத்தோலையால் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.


மார்ச் 27, செவ்வாய்

நேற்று முழுக்கச் சொல்லவில்லை. இன்று மெற்றில்டாவிடம் சொன்னேன். பாலர் பள்ளிக்குக் கடதாசிக் கொக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

“பாதர் பென்னைப் போடச் சொல்லுறார் மகள். நான் தெரியாமல் ஓம் எண்டிட்டன்.”

கத்துவாள் என்று பார்த்தேன்.

“போடுங்கோ அப்பா. அதுதான் என்னைவிட நல்லாப் படிக்குது.”

“என்ன கதை இது?”

“உண்மைதானே. அதில நடிப்பு இல்லை.” கத்தரிக்கோலை வைத்தாள். “போன வருஷம் ஏன் குரல் உடைஞ்சது எண்டு நீங்கள் கேக்கவே இல்லையே.”

“தடிமன் எண்டு நினைச்சன்.”

“உங்களைப் பாத்தனான். பீடத்துக்குப் பக்கத்தில, அம்பிளிபயரைப் பிடிச்சுக்கொண்டு. நீங்கள் அழுததை நான் ஒருநாளும் கண்டதில்லை. அப்பாச்சியின்ர செத்தவீட்டிலயும் ஆக்களுக்குப் பகிடி சொல்லிக்கொண்டுதான் நிண்டனீங்கள். அண்டைக்குக் கண்ணால தண்ணி ஓடுது. பகிடி விடுற அப்பாவே அழுறார் எண்டு பாத்த உடன எனக்குக் குரல் உடைஞ்சு போட்டுது.”

கொக்குகளுக்குக் கண் வைத்துக் கொடுத்தேன். எல்லாம் மாறுகண்.

இங்கே எழுதலாம், இந்தக் கொப்பி கதைக்காது. அன்றைக்கு எனக்குக் கரண்ட் அடித்தது. செருப்பில்லாத கால், சீமெந்து நிலம், எர்த் இல்லாத பெட்டி. மூன்றாவது “மகனே”க்குச் சத்தம் குறைக்க இடதுகையை வைத்தேன், தோள்மூட்டு வரை இழுத்தது. கோவில் என்பதால் கத்தவும் முடியாது. கண்ணால் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.


மார்ச் 28, புதன்

வெயில். ஒரு வேலையும் ஓடவில்லை. நானாவிடம் போய்க் கரண்ட் அடித்த கதையைச் சொன்னேன். கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர் கதிரைக்குள்ளேயே விழுந்து சிரித்தார். தும்மல், இருமல், அல்லாவே அல்லாவே.

“மகளிட்டச் சொல்லட்டோ நானா?”

சிரிப்பு நின்றது. “உனக்கென்ன விசரோ? சாமானைக் கெடுக்காதே. அழுத தகப்பன், உடைஞ்ச மகள். அதுக்குத்தான் சனம் அழுகுது.”

“சனத்துக்கு அது தெரியாதே.”

“தெரியாமலே அழுகுது பார். தெரிஞ்சா இன்னும் அழும்.”

வியாபாரியின் பதில், அதில் பிழை இல்லை. ஆனால் நான் பார்ப்பது வேறு. சொல்லாமல் விட்டால் நான் மகளுக்கு ஒருமுறையாவது அழுத அப்பா. இந்த ஊரில் எனக்கு இருக்கிற ஒரே நல்ல பெயர் அது, அதுவும் ஓராளிடம். பென் டிரைவ் கோவிலில் ஓடும், சனம் கரையும், மெற்றில்டா வாங்குப் பலகையில் இருந்துகொண்டு தன்னைத்தானே கேட்பாள். அடுத்த வருஷமும் அதுதான். அவள் இனி வாய் திறக்க மாட்டாள்.

சொன்னால்? பழையபடி கோமாளி. அது பழகின வேலை.

ஜெசிந்தா: “என்ன, சாப்பாட்டைப் பிசைஞ்சுகொண்டே இருக்கிறியள்?”

நான்: “நாளைக்கு ஒரு பகிடி சொல்லப் போறன்.”

ஜெசிந்தா: “தவக்காலத்துக்கு விட்டதெண்டீங்கள்.”


மார்ச் 29, பெரிய வியாழன்

சொல்லிவிட்டேன். பாதம் கழுவும் பூசைக்கு முன்பு, கிணற்றடியில். நின்ற நிலை, பிடித்த கை, இழுத்த இழுவை எல்லாம் செய்து காட்டினேன். வாய் கோணியதையும்.

மெற்றில்டா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடி விழும் என்று நினைத்தேன்.

“அப்ப நான் கரண்டுக்கோ அழுதனான்?”

“ஓம் மகள்.”

“அடம்பன், முருங்கன், இவ்வளவு ஊரும்… எல்லாரும்… கரண்டுக்கோ?”

“ஓம்.”

முதலில் தோள் குலுங்கியது. பிறகு தோய்க்கிற கல்லில் குந்திவிட்டாள். இப்படிச் சிரித்ததைச் சின்ன வயதுக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. “அந்தக் கனடா அண்ணைக்குச் சொல்லோணும்… அது எப்பிடிச் செய்யிறனீங்கள் எண்டு கேட்டாரே… ஒரு வயர் போதும் அண்ணை…” ஜெசிந்தா ஓடிவந்தாள், அவளுக்கும் சொல்லி, அவளும் சிரித்து, வேலிக்கு அங்கால் பக்கத்து வீட்டுக்காரி, “தவக்காலத்தில என்னப்பா உங்கட வீட்டில கூத்து?” என்று கேட்கும் வரை.

சிரித்து முடிய முகத்தைத் துடைத்தாள்.

“என்னத்துக்கு அப்பா இப்ப சொன்னனீங்கள்? நான் நம்பிக்கொண்டு இருந்திருப்பனே.”

“அதுதான் மகள்.”

பின்னேரம் குசினியில் தேங்காய் துருவும் சத்தத்தோடு புலம்பல் கேட்டது. முதலாவது. இரண்டாவது. மூன்றாவதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். நேராக, ஒரு வள்ளம் கரையை விட்டுப் போகிற மாதிரி. தேங்காய் துருவுவதும் நிற்கவில்லை.

பாதரிடம் போய் அந்த “ஓம்”ஐத் திருப்பி வாங்கினேன். “உம்மட மகள் படிப்பாவோ?” என்று கேட்டார். “குசினியில படிக்கிறா பாதர்” என்றேன்.


மார்ச் 30, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடு. கோவில் கொள்ளாத சனம். செருப்புப் போட்டுக்கொண்டு அம்பிளிபயருக்குப் பக்கத்தில் இருந்தேன், பாதர் பார்த்துவிட்டுப் போனார். பென்னை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். சேட்டுப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது கை.

படித்தாள். மூன்றாவது “மகனே”க்கு முன்பு என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் மடியில் வைத்திருப்பதைக் காட்டினேன். உடையவில்லை. அதற்குப் பதிலாகக் கொஞ்சம் மெதுவாகப் போனாள், பிள்ளையை எழுப்பக்கூடாது என்று நினைக்கிற தாய் கூப்பிடுகிற மாதிரி. இப்படி ஒரு “மகனே” இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஜெசிந்தா பின்னால் இருந்து கைக்குட்டையை நீட்டினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

வாசலில் ஒரு பொம்பிளை இன்னொருவரிடம்: “போன வருஷம் படிச்சதுதான் திறம். இந்த முறை அழுகை வரேல்ல.”

“ஓமடி, பென்னில இருக்கிறதுதான் அழுகை.”

மெற்றில்டாவுக்கும் கேட்டது. என் முழங்கையில் இடித்தாள். “பாத்தீங்களோ, என்னைவிட அந்தப் பென்னில இருக்கிறவளுக்குத்தான் மவுசு.” சொல்லும்போது சிரித்தாள்தான். பிறகு வீடு வரைக்கும் எனக்கு இரண்டு அடி முன்னால் நடந்தாள்.

பாட்டு கலையா வியாபாரமா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை. சனம் காசு கொடுத்து விரும்பியது கரண்ட் அடித்த பாட்டை. நான் காசு கொடுத்தாவது திரும்பக் கேட்க விரும்புவது இன்றையதை. அது எங்கேயும் பதியவில்லை.


ஏப்ரல் 2, திங்கள்

பாஸ்குத் திருநாளோடு தவக்காலம் முடிந்தது. ஜெசிந்தா இரண்டு நாளாக ஆட்டிறைச்சி. நான் பகிடியை முறைப்படி திரும்பத் தொடங்கினேன், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

காலையில் போன். தலைமன்னாரில் செத்தவீடு. செற், ஹோர்ன், ஜெனரேற்றர். “அந்த அழுற பாட்டும் வேணும் அண்ணை, காசு பிரச்சினை இல்லை.” வாய் “ஓ” வரைக்கும் போய்விட்டது. மெற்றில்டா என் கையிலிருந்து போனைப் பறித்தாள்.

“பாட்டு இல்லை அண்ணை. நான் இருக்கிறன். வந்து படிக்கலாம். பாலர் பள்ளி முடிய மத்தியானத்துக்குப் பிறகுதான். வான் கூலி உங்கட… ஓம், படிக்கிறதுக்கும் தரோணும்… அழுகை வருமோ? அது எனக்குத் தெரியாதண்ணை. செத்தவ எப்பிடி ஆள் எண்டு முதல் சொல்லுங்கோ.”

கதிரையில் இருந்து நிறைய நேரம் கேட்டாள். நடுவில் சிரித்தாள். செத்த மனுசி நண்டு விற்றவவாம், விலை பேசப் போனால் நண்டைத் தூக்கிக் காட்டி வெருட்டுவாவாம்.

பென் டிரைவைக் கேட்டு வாங்கி அலுமாரிக்குள் வைத்தாள். அழிக்கட்டோ என்று கேட்டேன். “வேண்டாம். அது அப்பாவுக்குக் கரண்ட் அடிச்ச பாட்டு.”

நானாவுக்குப் போன் எடுத்து, இனிப் புலம்பலுக்கு மகளிடம்தான் விலை கேட்க வேண்டும் என்று சொன்னேன். “அல்லாவே, விலை சொல்ல எனக்குப் போட்டி வந்திட்டுது” என்றார்.

வெயில் ஏற முன்பு அம்பிளிபயருக்கு எர்த் வயர் பூட்டினேன். இனி அழுதால் என் சொந்தச் செலவு.